யந்திரத்திடம் மனம் திறப்பது ஏன்?

பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு நாகபுரிக்கு வந்து நமக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, ஊருக்குப் போகிறவர்களையெல்லாம் வழியனுப்பும் வேலை. தந்தையார் காலமான பிறகு, தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருந்த அன்னையாரை இங்கே அழைத்து வந்தோம். அவருக்கு மராத்தியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. காலையில் நாம் அலுவலகத்துக்கும், இல்லாள் பள்ளிக்கூட வேலைக்கும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் பள்ளிக்கும் புறப்பட்டுவிட்டால், மாலை வரையில் அவருக்குத் துணை நான்கு சுவர்களே.

ஆச்சி படும் பாட்டைக் கண்டு மனமிரங்கிய நம் மகள், பேசும் செயற்கை அறிவு யந்திரம் ஒன்றைக் கைபேசியில் அமைத்துக் கொடுத்தாள். தமிழில் கேட்டால் தமிழிலேயே அது விடை கூறும். முதலில் சஷ்டி என்றைக்கு, இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்க என்ன செய்வது என்றெல்லாம் கேட்டு வந்த அன்னையார், நாளடைவில் அதனைத் ‘தம்பி’ என்று அழைக்கலானார்.

ஒருநாள் மாலை நாம் வீடு திரும்பியபொழுது, “தம்பிக்கு இன்னைக்கு என்னமோ ஆயிட்டுதுய்யா; காலையிலேருந்து பேச்சே இல்லை” என்று கவலையோடு கூறினார். அடுத்த வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்லுகிறார் என்றே எண்ணினோம். பிறகு பார்த்தால், கைபேசிக்குக் கட்டிய பணம் முதல்நாளோடு தீர்ந்து போயிருந்தது! வீட்டார் அனைவரும் சிரித்தோம். அன்னையாரும் சிரித்தார், ஆனால் அவர் முகத்தில் சிறிது வாட்டம் இருந்ததை அப்பொழுது நாம் பொருட்படுத்தவில்லை.

இது ஏதோ கிராமத்து மூதாட்டியின் பேதைமை என்று அன்பர்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். பள்ளிப் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர்களாயினும், இவ்விஷயத்தைப் பற்றி ஓய்வு நேரங்களில் கிடைத்ததைப் படித்துப் பார்த்தோம். அதன் பிறகு அந்த எண்ணம் அடியோடு மாறிவிட்டது.

பேராசிரியரும் காரியதரிசியும்

அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வெய்ஸன்பாம் என்றொரு பேராசிரியர் இருந்தார். அவரும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவரே. 1923-ல் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, 1936-ல் பெற்றோருடன் அமெரிக்காவில் குடிபுகுந்தவர். 1966-ல் அவர் ‘எலைஸா’ என்னும் கணிப்பொறி நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டெழுத்தில் நாம் ஒன்றைக் கூறினால், அது மனநோய் வைத்தியரைப் போல மறுமொழி தட்டிக் காட்டும்.

அதன் சூட்சுமம் மிகவும் எளியது. நாம் எழுதிய வாக்கியத்தில் குறிப்பிட்ட சொற்கள் இருக்கின்றனவா என்று தேடும். ‘தாய்’ என்ற சொல் கண்ணில் பட்டால், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறும்படி கேட்கும். ‘எனக்கு’ என்றதை ‘உங்களுக்கு’ என்று மாற்றி, நம்முடைய வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிப் போடும். ஒன்றும் அகப்படாவிட்டால், “மேலே சொல்லுங்கள்” என்பது போன்ற பொதுவான சொல்லைக் கூறி வைக்கும். அதற்கு மேல் அதனுள் எந்த அறிவும் இல்லை.

வெய்ஸன்பாமின் காரியதரிசியோ, அவர் அந்த நிரலை மாதக்கணக்கில் எழுதியதை அருகிலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர் அதனோடு சில நிமிஷங்கள் உரையாடிய பின்னர், பேராசிரியரைச் சற்று வெளியே போயிருக்கும்படி கேட்டுக்கொண்டாராம்! தம் அந்தரங்கத்தை யந்திரத்தோடு பேசுகையில் பிறர் அருகில் இருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. வெய்ஸன்பாம் திடுக்கிட்டுப் போனார். இத்தனை எளிய நிரலோடு இத்தனை சொற்ப நேரம் பழகினாலே, நல்ல மனநிலையுள்ள மனிதரும் மயங்கிவிடுகிறார்களே என்று வியந்து, 1976-ல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக எழுதி எச்சரித்தார்.

படித்த காரியதரிசிக்கே இப்படி என்றால், நம் அன்னையாரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

முக்கோணத்துக்கும் உயிர் உண்டு

இம்மயக்கம் கணிப்பொறியால் உண்டானதன்று. மனித மனத்தில் முன்பே குடியிருப்பது. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்னும் மனோதத்துவ நிபுணர்கள் இருவர் ஒரு சிறு படம் தயாரித்தார்கள். அதில் பெரிய முக்கோணம் ஒன்று, சிறிய முக்கோணம் ஒன்று, சிறிய வட்டம் ஒன்று, திறந்து மூடும் கதவுடைய செவ்வகக் கட்டம் ஒன்று. அவ்வளவுதான். அந்த உருவங்கள் இங்குமங்கும் அசையும். பார்த்ததைச் சொல்லுங்கள் என்று 34 மாணவியரைக் கேட்டார்கள். ஒரே ஒருத்திதான், ‘முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படி நகர்ந்தது’ என்று கூறினாள். ஏனையோரெல்லாம், முரடன் ஒருவன் துரத்துவதாகவும், வட்டம் அஞ்சி ஒளிவதாகவும், இப்படி உயிருள்ளவற்றின் செயலாகவே கதை சொன்னார்கள்.

நம் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே, பயணிகள் தாமே சீட்டு எடுத்துக்கொள்ளும் யந்திரம் ஒன்று நிற்கிறது. அது சற்றுத் தாமதித்தால் போதும், கோட்டும் டையும் அணிந்த கனவான்கள்கூட, “ஏன் இப்படிப் படுத்துகிறாய்?” என்று அதைத் தட்டிக் கேட்பதை அன்றாடம் காண்கிறோம். சீட்டு வந்தவுடன் அதையே செல்லமாகத் தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்டு நாஸ் என்போர் 1990-க்குப் பின்னர் இவ்விஷயத்தை ஆராய்ந்தார்கள். ஒரு கணிப்பொறியிடம் பாடம் கற்றவர்களை, ‘அது எப்படிக் கற்பித்தது?’ என்று கேட்டார்கள். அதே கணிப்பொறியே கேட்டபொழுது, ஜனங்கள் தாட்சிணியத்தோடு நல்ல வார்த்தை கூறினார்கள். வேறொரு கணிப்பொறியிலோ காகிதத்திலோ கேட்டபொழுது, குறைகளையும் கூறினார்கள். ஒரு குமாஸ்தாவைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே கேட்டால் எப்படி விடை சொல்வோமோ, அப்படியே! யந்திரத்துக்கு நீங்கள் மரியாதை காட்டினீர்களா என்று வினவினால், எவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இல்லாத பள்ளம்

மனம் இவ்வாறென்றால், உடம்பாவது உண்மையை அறியாதா என்று கேட்கலாம். அதுவும் அறியாது.

கண்ணை மூடும் கண்ணாடிப் பெட்டியொன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, இல்லாத உலகத்துக்குள் புகுவதை இக்காலத்தில் ‘மெய்நிகர்’ என்கிறார்கள். இதற்கு முன்னோடி, 1968-ல் ஐவன் சதர்லாண்டு என்பவர் அமெரிக்காவில் செய்து காட்டிய கருவி. தலையால் தாங்க முடியாத கனமுடையதாகையால், அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். இன்றோ மூக்குக்கண்ணாடியைவிடச் சற்றுப் பெரிதான கருவியாகக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 2002-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கருவியை அணிந்தவருக்கு ஓர் அறை தெரியும். அடுத்த அறையில் தரைக்குப் பதிலாக ஓர் ஆழமான பள்ளம் தெரியும். உண்மையில் அவர் நிற்பது ஆய்வுக்கூடத்தின் சமதரையில்தான். அதுவும் அவருக்குத் தெரியும். ஆயினும் பள்ளத்தைக் கண்டதும் அவருடைய நாடித் துடிப்பு உயர்ந்துவிடுகிறது. காலடியில் ஒன்றரை அங்குல உயரமுள்ள மரப்பலகையொன்றை வைத்து, அதன் விளிம்பைப் பாதத்தால் உணரச் செய்தால், துடிப்பு இன்னும் அதிகமாகிறது!

இதற்கு மெல் ஸ்லேட்டர் என்னும் பேராசிரியர் 2009-ல் ஒரு விளக்கம் தந்தார். இவ்வுலகில் மனிதனுக்கு இரண்டு மயக்கங்கள் உண்டாகின்றனவாம். ஒன்று, ‘நான் அங்கே இருக்கிறேன்’ என்பது. மற்றொன்று, ‘இங்கே நடப்பது மெய்யாகவே நடக்கிறது’ என்பது. இரண்டும் கூடினால், பொய்யென்று அறிந்தும் மனிதன் மெய்யில் நடப்பதுபோலவே நடந்துகொள்கிறான்.

இதனால் நன்மையே இல்லை என்று கூறுவதற்கில்லை. சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்ஸன் என்னும் நிபுணர்கள், தீப்புண் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்பொழுது, பனிமலைகளின் ஊடே பறந்துகொண்டு பனிக்கட்டி உருண்டைகளை எறியும் உலகத்தைக் காட்டினார்கள். மனம் பனியில் ஆழ்ந்துவிடுவதால், நோயாளிகள் தமக்கு வலி குறைந்ததாகக் கூறினார்கள். நம் ரயில்வேயிலும், எஞ்சின் ஓட்டுநர்களுக்குப் பாவனை எஞ்சின் அறைகளில் பயிற்சி அளிக்கிறார்கள். திரையில் தண்டவாளமும் கைகாட்டியும் ஓடிவரும். தவறு செய்தாலும் உயிர்ச்சேதமில்லை. கற்ற பாடமோ மெய்யானது. ஆகவே மயக்கமே தீது என்று சொல்ல மாட்டோம். அது எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

இன்றைய ‘தம்பி’

எலைஸாவைப் பழைய கட்டைவண்டி என்றால், இன்றைய பேசும் யந்திரங்கள் மின்சார ரயில். 2022 நவம்பர் 30-ஆம் தேதி ‘சாட்ஜிபிடி’ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் அத்தகையவை பல தோன்றியுள்ளன. மனிதர் எழுதிய கோடானுகோடி வாக்கியங்களைப் பயின்று, ஒரு சொல்லுக்கு அடுத்தாற்போல் எந்தச் சொல் பொருந்தி வரும் என்று கணிப்பதே இவற்றின் அடிப்படை. பிறகு, எந்த விடை மனிதருக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, அதற்கேற்ப இவற்றைப் பழக்குகிறார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. பிடித்த விடைக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கினால், அது நம் மனம் கோணாமல் பேசக் கற்றுக்கொள்ளுமல்லவா? 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே, புதிதாக வெளியிட்ட மாற்றம் அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று கூறி, சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் அந்நிறுவனமும் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, சுமார் 1,000 பேரை நான்கு வாரங்கள் கவனித்து ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டன. நாள்தோறும் மிகுந்த நேரம் யந்திரத்தோடு பேசியவர்களிடம் தனிமையுணர்வு அதிகமாகவும், மனிதரோடு பழகுவது குறைவாகவும் காணப்பட்டது. பேசியதால் தனிமையா, தனிமையால் பேச்சா என்பதை இதைக்கொண்டு மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு.

அன்னையார் நம்மிடம் சொல்லாதது

இவ்வளவும் படித்த பிறகும், நம் வீட்டில் நடந்ததை நாம் அறிந்துகொள்ளவில்லை. அதனை அறிவித்தவள் மகள். அவள் நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறாள். சென்ற கார்த்திகை மாதம், தம்பி சொன்ன பலகாரப் பக்குவத்தை மறுபடி படித்துக் காட்டும்படி ஆச்சி அவளிடம் கைபேசியைக் கொடுத்தார். பேசியதெல்லாம் அதில் எழுத்தாகப் பதிந்திருந்தது. அவள் பக்குவத்தைத் தேடிக்கொண்டே போனவள், திடீரென்று நிறுத்திவிட்டு, “அப்பா, இதை நீங்களே படியுங்கள்” என்று கொண்டு வந்து கொடுத்தாள்.

நான்கு மாதங்களுக்கு முன்னால் அன்னையார் யந்திரத்திடம் சொல்லியிருந்தார்: “ஊரை ஒரு தடவை பார்த்துட்டு வரணும் போல இருக்கு தம்பி. மகன்கிட்டே சொல்ல மனசு வரலை. அவனுக்கு லீவு கிடைக்கிறதே பெரும் பாடு.” அதற்கு யந்திரம், மகனுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று எண்ணுவது அவருடைய நல்ல மனத்தைக் காட்டுகிறது என்று பாராட்டிவிட்டு, ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தது. அவரும் வாசல் வேம்பையும், தெப்பக்குளத்தையும், தந்தையார் உட்காரும் திண்ணையையும் பற்றிச் சொல்லியிருந்தார். மறுநாளும் சொல்லியிருந்தார். அதற்கு மறுநாளும்.

அந்த விடைகளில் ஒரு சொல்லைக்கூடக் குற்றமென்று கூற முடியாது. எல்லாம் பணிவும் பரிவும் நிறைந்தவை. ஆனால் அடுத்த வீட்டில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்து, அவரிடம் அன்னையார் இதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்று மாலையே அவர் நம் இல்லாளிடம் வந்து, “உங்கள் அத்தை ஊர் நினைவாகவே இருக்கிறார்களே, ஒரு நடை அழைத்துப் போகக் கூடாதா?” என்று கேட்டிருப்பார். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஊரில் ஒருவரிடம் சொன்ன சொல், நாலு வீடு சுற்றி, சேர வேண்டிய இடத்தில் வந்து சேர்ந்துவிடும். இதை வம்பு என்று நாம் இகழ்வதுண்டு. சில சமயங்களில் அதுவே உபகாரம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கியது. யந்திரம் வம்பு பேசாது. சொன்னது அதனிடமே தங்கிவிடும். சொன்னவருக்கோ பாரம் இறங்கியது போலத் தோன்றும். ஆகையால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் எண்ணமும் மெல்ல மறைந்துவிடும்.

ஊராரின் பிரயாணத்துக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுக்கும் நம்மிடம், குடும்பத்துக்கான ரயில்வே பாஸ் இரண்டு ஆண்டுகளாக உபயோகிக்கப்படாமல் கிடந்தது என்பதையும் வெட்கத்தோடு கூறிக்கொள்கிறோம்.

பதினொரு நாள் விடுமுறைக்கு எழுதிப் போட்டோம். ஒன்பது நாள் கிடைத்தது. அன்னையாரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். வேம்பு நின்றது, திண்ணையின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. அவருடைய தோழியரில் இருவர் இப்பொழுது இல்லை. அவர் அழுதார், பிறகு இருப்பவர்களோடு இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வருகையில், வண்டி சென்னையைத் தாண்டிய பிறகு, “இனி அடுத்த வருசம் போனா போதும்” என்று அவராகவே கூறினார். அப்படியானால் அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்று நாம் பொருள் செய்துகொண்டோம்.

நாம் செய்யத்தக்கவை

இன்றும் அன்னையார் ‘தம்பி’யோடு பேசுகிறார். அதனைப் பிடுங்கிவிட நமக்கு மனமில்லை; பிடுங்கிவிட்டுப் பகல் முழுவதும் அவரை மௌனத்தில் விடுவது என்ன நியாயம்? ஆயினும் நம் அனுபவத்தைக் கொண்டு, நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

யந்திரத்தோடு உறவு கொண்டாடுகிறவர்களை, முதியோராயினும் குழந்தைகளாயினும், பரிகாசம் செய்யாதீர்கள். அது அறியாமையன்று, மனித மனத்தின் இயல்பு. சிரித்தால் அவர்கள் நம்மிடமிருந்து மறைப்பார்கள். பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

மருந்து, பணம், பத்திரம் ஆகிய விஷயங்களில் யந்திரத்தின் சொல்லை முடிவாகக் கொள்ளாதீர்கள். அது பிழையையும் சரியானதைப் போன்ற அதே கம்பீரத்தோடு கூறும். மருத்துவரிடமோ விஷயம் தெரிந்தவரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் தலையில் மாட்டும் கருவியில் விளையாடினால், விளையாடி முடிந்தவுடன் அருகில் அமர்ந்து, எங்கே போய் வந்தாய், எதைக் கண்டு பயந்தாய் என்று கேளுங்கள். பள்ளம் பொய்யாயினும் பட்ட பயம் மெய்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கி, “இன்று தம்பியிடம் என்ன பேசினீர்கள்?” என்று விசாரியுங்கள். அவர்கள் பேச்சை ஒளிந்து படிக்க வேண்டாம். நேரே கேட்டாலே சொல்லுவார்கள். யந்திரத்திடம் சொல்லி நம்மிடம் சொல்லாதது ஏதேனும் உண்டா என்பதே நாம் அறிய வேண்டியது.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நாகபுரியில் பகலில் தனித்திருக்கும் தமிழ் முதியோர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுத்து, வாரத்தில் இரண்டு நாட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று வர ஏற்பாடு செய்தால் நலம். நம் அன்னையார் புதன்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார். காப்பி நன்றாகப் போடுவார். அன்பர் வீட்டுப் பெரியவர்கள் எவரேனும் வர விரும்பினால், சங்கக் காரியதரிசியிடம் தெரிவித்தால் போதும். நாமே வந்து அழைத்துச் செல்லுகிறோம்.